வெளிநாட்டில் வாழும் தமிழ் வைத்தியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று எங்கே இருந்தாலும் ஊர் மருத்துவ பீடங்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் உங்களை விட்டுப் போகவில்லை. இலங்கையின் வடக்கு கிழக்கில் கற்பிக்கும் எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த உரிமையோடுதான் கேட்கிறேன்: ஒரு வார விரிவுரைகளையும் இயந்திர அன்பளிப்புகளையும் குறையுங்கள். நிபுணர்களை இங்கேயே உருவாக்கும் நீண்டகால உடன்பாட்டுக்கு வாருங்கள்.

கானாவில் நடந்ததைப் பாருங்கள். மகப்பேற்று நிபுணர்களாக்க அந்த நாடு தன் இளம் வைத்தியர்களைப் பல வருடங்கள் பிரித்தானியாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்கள் ஒரு சிலர்தான். பிறகு அக்ரா, குமாசி நகரங்களின் மருத்துவ பீடங்களோடு மிச்சிகன் பல்கலைக்கழகமும், அமெரிக்க, பிரித்தானிய மகப்பேற்று நிபுணர்களின் அமைப்புகளும் கைகோத்தன. கார்னகி அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1989 இல் பயிற்சி தொடங்கியது. படிப்பு கானாவின் வாட்டுகளில், பரீட்சை மேற்கு ஆபிரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் கல்லூரியில், வெளிநாட்டு அனுபவம் சில மாதங்கள் மட்டும். மாவட்ட வைத்தியசாலைகளிலும் வேலை செய்யவேண்டும். அப்படி வந்த நிபுணர்களில் ஏறத்தாழ எல்லோருமே நாட்டில் தங்கிவிட்டார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டபோது, நிபுணர் தகுதி தரும் பயிற்சி ஊரிலேயே கிடைத்ததைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர்களானவர்களும் அவர்கள்தான்.

இங்கே நிலைமை மறுபக்கம். கொழும்பில் எம்.டி. என்ற பட்டப்பின் மருத்துவப் படிப்பை முடித்தவர், பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்த பிறகே நிபுணர் சான்றிதழ் பெறலாம். அந்த அனுபவத்தின் பெறுமதியை நான் மறுக்கவில்லை. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வாட்டுகளில்தானே வேலை செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், எல்லாம் இருக்கிறது.

நல்ல மனதோடு வரும் ஒருவர் ரோபோ அறுவைச் சிகிச்சை பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். மண்டபம் நிறைந்திருக்கும். அதே நேரம் பிரசவ அறையில் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்காது. பயிற்சி வைத்தியரின் கையைப் பிடித்து, "இங்கே அமுக்கு, விடாதே, போன இரத்தத்தை அளந்து பார்" என்று சொல்லிக்கொடுக்க இருப்பது ஒரே ஒரு நிபுணர்; அவருக்குத் தியேட்டரில் சிசேரியன் காத்திருக்கும். எங்களுக்குத் தட்டுப்பாடு பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டாவது ஆளுக்குத்தான். எங்கள் மின்சாரத்துக்குப் பொருந்தாத, 110 வோல்ட்டில் ஓடும் பழைய ஸ்கேன் இயந்திரம் அந்தக் குறையைத் தீர்க்காது.

எதியோப்பியாவுக்கு ரொறன்ரோ செய்தது இன்னும் நெருக்கமான முன்மாதிரி. 2003 இல் அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் மனநல மருத்துவத்தில் பட்டப்பின் படிப்பைத் தொடங்கியபோது, அந்தப் பெரிய நாட்டில் ஏறக்குறைய ஒரு டசின் மனநல வைத்தியர்களே இருந்தார்கள். ரொறன்ரோ ஆசிரியர்கள் ஆண்டுதோறும் முறைவைத்து ஒரு மாதம் போய், வாட்டில் நின்று கற்பித்தார்கள். படிப்பை நடத்தியது அடிஸ் அபாபா. தேவை எது என்று சொன்னதும் அதுவே. கொஞ்ச வருடங்களில் அங்கே பயின்றவர்களே ஆசிரியர்களானார்கள்.

எங்கள் மண்ணுக்கும் இது புதிதல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தங்கியிருந்து உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்கினார்.

ஆகவே உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஒரு துறையை மட்டும் எடுங்கள். மகப்பேறோ, மயக்க மருந்தோ, மனநலமோ, அதைத் துறைத் தலைவர் சொல்லட்டும். குறைந்தது ஐந்து வருடம், மாதத்துக்கு ஒருவராக முறைவைத்து உங்களில் ஒருவர் அந்த ஒரே வாட்டில் நிற்கவேண்டும். எங்கள் பயிற்சி வைத்தியர்களுக்கு உங்கள் வைத்தியசாலைகளில் சில மாத இடங்கள் வேண்டும். அவர்கள் திரும்பி வந்த பிறகும் வாராந்த நோயாளர் கலந்துரையாடலில் இணையவழி கூட இருங்கள். இளைப்பாறியவர்கள் முதலில் வரலாம், அவர்களுக்கு நேரமும் இருக்கிறது. உள்ளூர் மருத்துவப் பதிவு, விடுதி ஒழுங்குகளை நாங்கள் இங்கே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வைத்திய ஆசிரியர்