பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணு

யாங்கோன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பேர் வைத்த விசேஷம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். அம்மாவின் கண் ஆபரேஷன் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிட்டாய். அடுத்த தடவை விவரமாக எழுது. இங்கே எல்லாரும் சுகம். மழை ஓய்ந்துவிட்டது, கொசு ஓயவில்லை. கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வந்ததும் "மீ லாபீ!" (கரண்ட் வந்தாச்சு) என்று தெருவே கத்தும், நீ வந்திருந்தபோது கேட்டிருப்பாய். இப்போது கிழவன் கிழவிகளும் சேர்ந்து கத்துகிறோம்.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். மூன்று புகார் எழுதியிருக்கிறாய். ஸ்கேன் பண்ணிய பழைய படமெல்லாம் ஒரே தேதி காட்டுகிறது. கூகுளின் பிக்காசா என்ற படத் தொகுப்பு மென்பொருளில் உட்கார்ந்து முகங்களுக்குப் போட்ட பேர்கள் மருமகன் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் காணோம். சில படங்களைத் தொட்டால் "கோப்பு இல்லை" என்கிறது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்பேன். யார், எப்போது, எங்கே என்ற தகவல் படத்துக்குள் இல்லை, வெளியே எங்கேயோ கிடக்கிறது. படம் இடம் மாறும்போது அது பின்னாலேயே வருவதில்லை.

முதலில் பிக்காசா, ஏனென்றால் அதுதான் அவசரம். பழைய கம்ப்யூட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதே, ஃபார்மட்டும் பண்ணாதே. முகத்தைச் சுற்றிப் போட்ட கட்டத்தை பிக்காசா அந்தந்த ஃபோல்டரில் ஒரு மறைவான கோப்பில் எழுதும். அந்த முகம் யாருடையது என்ற பேர்ப் பட்டியலை விண்டோஸில் உன் கணக்கின் உள்ளறையில் வேறொரு கோப்பில் வைத்திருக்கும். மருமகன் படங்களை மட்டும் தூக்கி வந்திருப்பார், பேர்ப் பட்டியல் அங்கேயே தங்கிவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் பிக்காசாவைத் திற. அமைப்புகளில் பேர்களுக்கான பக்கத்தில், பேரைப் படத்திலேயே சேமி என்ற ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் பண்ணி, எல்லாப் படத்துக்கும் எழுதவிட்டு, அதன் பிறகு நகல் எடு. முதலில் பத்துப் படத்தை வேறு ஃபோல்டரில் போட்டுச் சோதித்துப் பார். அத்தோடு பிக்காசாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடு. கூகுள் அதை 2016 மார்ச்சிலேயே கைவிட்டுவிட்டது. இன்னும் ஓடுகிறதே என்று நம்பியிருப்பது சரியில்லை.

நான் டிஜிகேம் வைத்திருக்கிறேன். இலவசம், விண்டோஸிலும் ஓடும். அழகான மென்பொருள் என்று சொல்லமாட்டேன், மெனுவைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். ஆனால் பேர், தேதி, குறிப்பு எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதச் சொன்னால் எழுதுகிறது. அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தோடு சேர்ந்த தகவல்) பக்கத்தில் அதற்கான கட்டங்களை நீதான் டிக் பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் அதுவும் பிக்காசா மாதிரி தன் டேட்டாபேஸில் மட்டும் வைத்துக்கொள்ளும். நாளைக்கு டிஜிகேமும் போகலாம், படத்துக்குள் எழுதியது போகாது. வேறு பல மென்பொருள்களும் அதைப் படித்துக்கொள்ளும்.

அடுத்தது தேதி. ஸ்கேன் பண்ணிய படத்துக்குக் கம்ப்யூட்டர் ஸ்கேன் பண்ணிய நாளைத்தான் தெரிந்துவைத்திருக்கும். உங்கள் அப்பா அம்மா கல்யாணப் படமும் பேத்தி தொட்டில் படமும் ஒரே வாரத்தில் நிற்பது அதனால்தான். எக்ஸ்ப்ளோரரில் தெரியும் "மாற்றிய தேதி", "உருவாக்கிய தேதி" எதையும் நம்பாதே. நகல் எடுத்தால்கூட உருவாக்கிய தேதி மாறும், படத்தைத் திருத்திச் சேமித்தால் மாற்றிய தேதி மாறும். "படம் எடுத்த தேதி" என்று தனியாக ஒன்று படத்துக்குள் உண்டு. அதைத்தான் திருத்த வேண்டும். டிஜிகேமில் நூறு படத்தை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் மாற்றலாம்.

எந்தத் தேதி போடுவது என்றுதானே கேட்பாய்? அம்மா டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த படங்களின் பின்பக்கத்தைப் பார். ஸ்டுடியோ முத்திரை இருக்கும், பல படங்களில் பேனாவால் பர்மிய எண்ணில் வருஷமும் இருக்கும். பர்மாவை விட்டு நீ கப்பலேறிய 1964-இல் நமக்கு அந்த எண்கள் தண்ணீர் பட்ட பாடு, இப்போது உனக்கு மறந்திருக்கும். பர்மிய ஒன்று என்பது வாய் திறந்த வட்டம், சுழியம் மூடிய வட்டம். மை மங்கியிருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், லென்ஸ் வைத்துப் பார். 1324 என்று இருந்தால் 638 கூட்டு, 1962 வரும். ஆனால் ஒன்று: பர்மிய வருஷம் ஏப்ரல் நடுவில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்துதான் பிறக்கிறது, நம் சித்திரை மாதிரியே. அதனால் தபோட்வே, தபவுங் என்று மாதம் எழுதியிருந்தால் அது அந்த வருஷத்தின் கடைசி, இங்கிலீஷ் கணக்கில் அடுத்த வருஷம் பிறந்திருக்கும். அப்போது 639 கூட்டு, 1963. இந்த ஒன்று தவறினால் அக்கா பிறப்பதற்கு முன்னாலேயே அவளுக்கு மொட்டை போட்ட படம் வந்து நிற்கும்.

பின்பக்கத்தில் இவ்வளவு இருப்பதால் சொல்கிறேன், முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி வைக்காதே. பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணு, அதே எண்ணைப் போட்டு "பின்" என்று சேர்த்துவிடு. அறுநூறு டிபிஐ போதும். எனக்கு அனுப்பினால் எழுத்தை நான் படித்துச் சொல்கிறேன். வருஷமே தெரியாத படத்துக்கு உத்தேசமாக ஒரு வருஷம், ஜனவரி 1 என்று போட்டு, "தேதி உத்தேசம்" என்று ஒரு டேகும் போட்டுவிடு. இல்லாவிட்டால் உன் உத்தேசத்தைப் பிள்ளைகள் சத்தியம் என்று நம்பிவிடுவார்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதே. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எங்கள் கூரை போனபோது நனைந்த படங்களில் பாதி இப்படித்தான் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றைப் பிய்த்துப் பார்த்த என் தம்பி கையில் வெறும் வெள்ளைத்தாள்தான் வந்தது, பெரியப்பா கண்ணாடியிலேயே தங்கிவிட்டார். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வை.

என் மகள் கல்யாணத்துக்கு நீ வந்தபோது எடுத்த படங்கள் ஏன் முன்னும் பின்னுமாக நிற்கின்றன என்று கேட்டிருந்தாய். இது சுலபம். இந்திய நேரம் எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால். விமானம் இறங்கியதும் உன் போன் தானாக மாறிக்கொண்டது, உன் கேமரா சென்னை நேரத்திலேயே இருந்தது. அதனால்தான் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே தாலி கட்டுகிறார். கேமராப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு மணி நேரம் கூட்டு, கல்யாணம் ஒழுங்காக நடக்கும். பேட்டரி தீர்ந்து 2000 ஜனவரிக்குப் போய்விட்ட கேமராவுக்கும் இதே வைத்தியம்தான். நேரம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு படத்தைப் பிடித்து, வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணி, அந்தக் கேமராவின் படங்கள் முழுவதற்கும் கூட்டிவிடு. வாட்ஸாப்பிலும் வைபரிலும் படமாக வந்தவற்றில் எடுத்த தேதி இருக்காது, போகிற வழியில் உருவிவிடுவார்கள். இனிமேல் எனக்கு அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்பு.

பேர்கள் விஷயத்தில்தான் நம் ஆட்களுக்கு ஒரு தனித் தலைவலி. வீட்டில் தமிழ்ப் பேர், பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் பர்மியப் பேர். பர்மியப் பேருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல்லோ வயசோடு சேர்ந்து வளரும். பையனாக இருந்தபோது மாங், வாலிபத்தில் கோ, நரைத்ததும் ஊ. பெண்களுக்கு மா, பிறகு டோ. உன் பட்டியலில் என்னையே மூன்று ஆளாகப் போட்டிருக்கிறாய், நான் பார்த்துவிட்டேன். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: முக டேகில் வீட்டில் கூப்பிட்ட தமிழ்ப் பேர், முன்னால் அப்பா பேரின் முதலெழுத்து. பர்மியப் பேர் குறிப்பில், மாங்கும் ஊவும் இல்லாமல். இரண்டில் எதைத் தேடினாலும் ஆள் கிடைப்பார். மாமா, பெரியம்மா என்று மட்டும் டேக் போடாதே. உனக்கு மாமா, உன் பேரனுக்கு யார்?

தானாக முகம் கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு. பெரிதாக எதிர்பார்க்காதே. கறுப்பு வெள்ளைப் படங்களில் அப்பனையும் மகனையும் அது ஒரே ஆள் என்கிறது. அதில் தப்பும் இல்லை, சில வீடுகளில் நமக்கே அப்படித்தான் தெரிகிறது. அதைவிட அம்மாவுக்குக் கண் தெளிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, போனில் குரலைப் பதிவு பண்ணிக்கொள். கேள்வி கேட்காமல் பேசவிடு. அக்காவையும் கூட வைத்துக்கொண்டால் இருவரும் சண்டை போட்டாவது சரியான பேரைக் கண்டுபிடிப்பார்கள்.

ஊர்ப் பேரிலும் இதே கதை. படத்தின் பின்னால் ஃப்ரேசர் தெரு என்றிருந்தால் அது இன்றைக்கு அனவரதா சாலை, நம் காளி கோயில் இருக்கிற சாலை. டல்ஹௌசி தெரு மகாபந்தூலா சாலை ஆகிவிட்டது, மொகல் தெரு ஷ்வேபோன்தா தெரு. 1989-க்குப் பிறகு ரங்கூனே யாங்கோன். குறிப்பில் பின்பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுது, டேகில் இன்றைய பேரைப் போடு. டிஜிகேமில் வரைபடத்தில் புள்ளி வைக்கலாம். புள்ளி வைத்துவிட்டால் எந்த ஆட்சி எந்தப் பேரை மாற்றினாலும் நமக்குக் கவலை இல்லை.

ஃபோல்டர் பேருக்கு எண்ணை முன்னால் போடு: வருஷம், மாதம், அப்புறம் இரண்டு சொல். இங்கே என் மகள் பழைய ஃபோல்டர்களுக்கெல்லாம் ஸவ்ஜி என்ற பழைய எழுத்துருவில் பர்மியப் பேர் வைத்திருந்தாள். 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது. அதன் பிறகு வாங்கிய கம்ப்யூட்டரில் அந்தப் பேர்களெல்லாம் கொம்பும் சுழியும் இடம் மாறி உளறலாகத் தெரிந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பேர் மாற்றினோம். எண் மட்டும் எங்கேயும் உளறவில்லை.

"கோப்பு இல்லை" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெளி டிஸ்க். நேற்று ஈ டிரைவ் என்று வந்தது இன்று எஃப் என்று வந்தால் சில மென்பொருள்களுக்குக் கண் தெரியாது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் போய் அதற்கு நிரந்தரமாக ஓர் எழுத்தைக் கொடு, ஆங்கில வரிசையில் கடைசிப் பக்கம் வரும் எழுத்தாக இருக்கட்டும். படங்களை எக்ஸ்ப்ளோரரில் இடம் மாற்றாமல் டிஜிகேமுக்குள்ளேயே மாற்று. டேட்டாபேஸ் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கில் இருக்கட்டும், பென் டிரைவில் வேண்டாம்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி கரண்ட். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது போய்விட்டால், அந்தப் படத்தைப் பிறகு திறக்கும்போது தலை தெரியும், கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல் பட்டை. ஒரு குரூப் போட்டோவில் பின்வரிசை முழுக்க நிற்கிறது, நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர்கள் ஒருவர்கூட இல்லை. கோப்பு பாதியில் அறுந்ததுதான் காரணம், அதைச் சரிப்படுத்த முடியாது. அதனால் கட் பண்ணி ஒட்டுகிற பழக்கமே கூடாது. நகல் எடு, எண்ணிக்கையும் அளவும் ஒத்துப் பார், பிறகு மூலத்தை அழி. மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஒரு யூபிஎஸ் வைத்தால் மூடுவதற்காவது நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டர் போதும் என்று கடைக்காரர் சொல்வார். சாதாரண இன்வெர்ட்டர் மாறுகிற நொடிக்குள் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்துவிடும், யூபிஎஸ் மோடு இருக்கிறதா என்று கேட்டு வாங்கு.

இரட்டைப் படங்களைக் கடைசியில் பார்த்துக்கொள். டிஜிகேமே தேடிக் காட்டும், ஆனால் பெரிய கோப்பை வைத்துக்கொண்டு சின்னதை அழி. பேரப்பிள்ளைகள் ஐபோனில் எடுத்தது திறக்கவில்லை என்றால் அது ஹெய்க் வகை. கேமரா அமைப்பில் ஃபார்மட்டை மாற்றச் சொல், இனி எடுப்பது ஜேபெக்காக வரும்.

ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலேயில் எங்கள் சித்தப்பா வீட்டுச் சுவர் பீரோ மேல் சாய்ந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டரும் பக்கத்திலேயே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகவே போயின. கூகுளில் இலவசமாகக் கணக்கில்லாமல் ஏற்றிய காலம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது, இப்போது பதினைந்து ஜிபிதான். இங்கே நெட்டின் லட்சணத்தில் அதையும் நான் நம்பவில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு சொல்கிறேன். என் டிஸ்க் ஒன்று வியாசர்பாடியில் உன் வீட்டு அலமாரியில் இருக்கட்டும், உன்னுடையது ஒன்று இங்கே இருக்கட்டும். மாசிக்கு முன் மைத்துனர் சென்னை வருகிறார், அவர் கையில் என்னுடையதைக் கொடுத்துவிடுகிறேன். உன்னுடையதை அவரிடமே கொடு. இரண்டு டெராபைட் போதும், பாஸ்வேர்டு போடாதே, போட்டால் நீயே மறந்துவிடுவாய்.

தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல். டிஸ்க்கோடு கொஞ்சம் லப்பெட் (ஊறவைத்த தேயிலை) அனுப்புகிறேன், பூண்டு வறுவல் தனிப் பொட்டலத்தில் இருக்கும். பிசைவதற்கு முன்னால் கலக்க வேண்டாம், நமத்துவிடும்.

உன் பழைய கூட்டாளி