அப்பாவுக்கு, ஃப்ரீடாவைப் பற்றி

பெர்லின்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நல்ல சுகம். அங்கே நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகம்தானே? அம்மா அனுப்பிய கடலை மிட்டாயும் கறிவேப்பிலைப் பொடியும் புதன்கிழமை வந்து சேர்ந்தன. மிட்டாய் ஒன்றுகூட உடையவில்லை. பார்சலை நீங்கள்தான் கட்டியிருப்பீர்கள் என்று முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

போன ஞாயிறு போனில் ஒரு நாயை வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமா என்ற பேச்சை நான் எடுத்ததுமே நீங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அம்மா, "உங்கப்பாகிட்ட நீயே பேசிக்கோ தாயி, என்னை இழுக்காதே" என்று சொல்லிவிட்டாள். நாய் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன், மே மாதம் பெர்லினுக்கு வரவே மாட்டேன் என்று நீங்கள் சொன்னதாகவும் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் நீங்கள் கோபப்படுவீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஊர் முழுக்க மற்றவர்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் நீங்கள். மகளுடைய கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்கமாட்டீர்கள்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும் அப்பா. 1998இல் எனக்கு ஏழு வயது. கடிதம் கொடுக்க பீட்டுக்குப் போன இடத்தில் கெண்டைக்காலில் நாய்க்கடி வாங்கி வந்தீர்கள். காக்கி பேன்ட்டை அம்மா கத்தரிக்கோலால் வெட்டினாள். வாசல் குழாயில் அரை மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினீர்கள். அப்புறம் தினமும் காலையில் பெரியாஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி. திரும்பி வரும்போது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவீர்கள். ஒருநாள் நான் ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது வலி தாங்காமல் என்னைத் தள்ளிவிட்டு, அதற்காக ராத்திரி முழுக்க என்னை மடியில் வைத்திருந்தீர்கள். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதே வருஷம் மேலத்தெருப் பையன் வெறிநோயில் இறந்ததும், டம்ளர் தண்ணீரைக் கண்டு அவன் அலறியதைப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததும் நினைவிருக்கிறது. நர்ஸ் படித்த பிறகுதான் அந்த நோய் என்னவென்று எனக்கு முழுசாகப் புரிந்தது. வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. நீங்கள் பயந்தது நியாயம். அதை மறக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஃப்ரீடா யார் என்று முதலில் சொல்கிறேன். கீழ்வீட்டுப் பாட்டி வளர்க்கிற நாய், ஒன்பது வயது. டாக்கல் என்று சொல்லுவார்கள், குட்டைக் கால், நீள உடம்பு. தூரத்தில் பார்த்தால் கீரிப்பிள்ளை மாதிரியே இருக்கும். நம் ஊர்ச் சிப்பிப்பாறைக்கு முன்னால் நின்றால் அதன் முழங்கால் உயரம்கூட இருக்குமா என்று சந்தேகம். நவம்பரில் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் கையில் கயிற்றைக் கொடுத்து "இதைப் பார்த்துக்கொள்" என்றார். இரண்டு வாரம் என்று நினைத்தேன். மூன்று மாதமாகிவிட்டது. இனிமேல் அவரால் தனியாக இருக்க முடியாது, முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே நாயைச் சேர்க்க மாட்டார்கள். மார்ச் 31ஆம் தேதி வீட்டைக் காலி செய்கிறார்கள்.

என்னிடம் இல்லையென்றால் ஃப்ரீடா விலங்குக் காப்பகத்துக்குப் போகும். இந்த ஊர்க் காப்பகம் ஐரோப்பாவிலேயே பெரியவற்றில் ஒன்று, நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் குட்டிகளையும் இளம் நாய்களையும் தேடித்தான் ஆட்கள் வருவார்கள். ஒன்பது வயது நாயை எப்போது யார் வந்து கூட்டிப்போவார்கள்?

இனி என் பக்கத்தைச் சொல்கிறேன். இதை இத்தனை நாள் உங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். 2022இல் வந்ததிலிருந்து "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். வேலை நல்ல வேலைதான், அதில் பொய்யில்லை. ஆனால் டிசம்பரில் இங்கே காலை எட்டே கால் வரைக்கும் இருட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் போய்விடும். காலை ஷிஃப்டுக்கு இருட்டில் போய், முடிந்து வந்து ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் மறுபடி இருட்டு. வார்டில் எட்டு மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை வாயைத் திறக்க ஆளில்லை. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் "ஹாலோ" என்பார்கள், அதோடு சரி. கெட்டவர்கள் இல்லை, இங்கே பழக்கம் அப்படி. போன வருஷம் பொங்கலன்று பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" சொல்ல வாயெடுத்து, யாருக்குச் சொல்வது என்று அப்படியே அடுப்பை அணைத்துவிட்டேன்.

நவம்பரிலிருந்து ஃப்ரீடாவை மூன்று வேளையும் வெளியே கூட்டிப்போக வேண்டியிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், இரண்டு வருஷம் என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் நிற்கிறார்கள். குனிந்து, "நா, வேர் பிஸ்ட் டு டென்?" என்று கேட்கிறார்கள், "அட, நீ யாரு?" என்று அர்த்தம். கேட்பது நாயிடம். பதில் சொல்வது நான். பெயர் சொல்லி, வயது சொல்லி, பாட்டி விழுந்த கதை சொல்லி, அப்புறம் நான் எந்த ஊர் என்று சொல்லி... மூலைக்கடை பேக்கரிக்காரருக்கு இப்போது கோவில்பட்டி என்றால் தெரியும். பி2 மொழித் தேர்வுக்குப் படித்த ஜெர்மன் எல்லாம் வார்டுக்குத்தான் உதவியது. தெருவில் பேசுகிற ஜெர்மன் எனக்கு இந்த மூன்று மாதத்தில் வந்ததுதான்.

தபால் கொண்டுவருகிற அம்மா மஞ்சள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். கேட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு முறை மணி அடித்துவிட்டு நிற்பார். நீங்கள் தெருமுனையில் சைக்கிள் பெல்லை அடித்துவிட்டு, எந்த நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு நுழைவீர்களே, அதே மாதிரி. அவர் பையில் நாய் பிஸ்கட் வைத்திருக்கிறார். எங்கப்பாவும் போஸ்ட்மேன் என்று சொன்னேன். "அவரைக் கடித்திருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். அவருடைய முன்கையில் நான்கு தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

வெறிநோய் விஷயம். இந்த நாட்டில் அது முன்னால் நரிகளால் பரவியது. 1983இலிருந்து இரைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காடுகளில் போட ஆரம்பித்தார்கள், பின்னால் விமானத்திலிருந்தும் போட்டார்கள். நரி அதைக் கடித்தால் மருந்து வாயில் இறங்கிவிடும். இருபத்தைந்து வருஷம் விடாமல் செய்து, 2008இல் நாய், நரி எதிலும் இந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். வௌவாலில் மட்டும் ஒரு வகை எப்போதாவது தென்படும். ஃப்ரீடாவுக்கு நீல நிறத்தில் ஒரு பாஸ்போர்ட் உண்டு, அதில் ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மருந்தின் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து. கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவு சிப், அதில் 15 இலக்க எண். உங்களைக் கடித்த நாய் யாருடையது, அதற்கு ஊசி போட்டார்களா என்று கேட்கக்கூட அன்று ஆளில்லை. இதற்குக் கேட்க ஆள் இருக்கிறது. எல்லாத் தாளையும் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

செலவு கேட்பீர்கள். நாய்க்கு இங்கே வரி உண்டு. பிரஷ்யா ராஜா காலத்தில், 1810இல் ஆரம்பித்தது. பெர்லினில் முதல் நாய்க்கு வருஷம் 120 யூரோ. நாய் யாரையாவது கடித்தால் நஷ்டஈடு கொடுக்க 10 லட்சம் யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுக்க வேண்டும், அதற்குப் பிரீமியம் பெரிய தொகை இல்லை. சாப்பாடு, டாக்டர் எல்லாம் என் சம்பளத்துக்குள் அடங்கும், வீட்டுக்கு அனுப்புவதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டார். வாடகை வீட்டில் நாயே கூடாது என்று ஒட்டுமொத்தமாக ஒப்பந்தத்தில் போட முடியாது என்று 2013இலேயே இங்கே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இருந்தாலும் நான் கேட்டுத்தான் செய்தேன். நான் வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டுக் கேரளா அக்கா பார்த்துக்கொள்கிறார். அவரும் நர்ஸ்தான். எனக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவருக்கு மாலை ஷிஃப்ட். நாயைக் கட்டியே போட்டு வளர்க்க இங்கே சட்டம் விடாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் வாரம் ஃப்ரீடா என்னைப் பார்த்து உறுமியது. சாப்பிடும்போது தட்டை நகர்த்தப் போனேன், தப்பு என்னுடையது. பாட்டியிடம் போனில் கேட்டேன், "சாப்பிடும்போது கிட்டே போகாதே, அவ்வளவுதான்" என்றார். அதற்கப்புறம் ஒரு தரமும் இல்லை.

இப்போது பனி கொட்டுகிறது. நடைபாதையில் வழுக்காமல் இருக்கப் பொடிக்கல் தூவுகிறார்கள், அது அதன் விரலிடுக்கில் மாட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நிற்கும், உள்ளே ஓடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொரு காலாக முக்கி, விரல்களை விரித்து, கல்லை எடுத்துத் துடைப்பேன். முன்னங்கால் இரண்டையும் தானாகவே நீட்டும், பின்னங்காலுக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாட்டி பழக்கியது ஜெர்மனில். உட்காரு என்பதற்கு "ஸிட்ஸ்". "வா" என்பதை நான் தமிழில் சொல்லிச் சொல்லி, இப்போது "வா" என்றால் வருகிறது.

பூஜை அலமாரி படுக்கையறையில் இருக்கிறது, அங்கே ஃப்ரீடா வருவதில்லை. வாசற்படியில் நின்று பார்க்கும், அவ்வளவுதான். இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

மே மாதத்துக்கு நான் நினைத்திருப்பது இது. நீங்கள் வந்து இறங்கிய முதல் வாரம் ஃப்ரீடா எதிர்வீட்டுக் கேரளா அக்காவிடம் இருக்கட்டும். வீடு உங்களுக்குப் பழகட்டும். அப்புறம் ஒருநாள் டெம்பெல்ஹோஃப் திடலுக்குப் போவோம். பழைய விமான நிலையம், 2008இல் மூடினார்கள், இப்போது பூங்கா. ஓடுபாதை அப்படியே இருக்கிறது, அதன் மேல் ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். ஒரு மரம் மறைக்காமல் கண்ணுக்கெட்டிய தூரம் வானம். முதல் தரம் பார்த்தபோது நம் கரிசல்காடுதான் ஞாபகம் வந்தது. கயிறு என் கையில்தான் இருக்கும். நீங்கள் பத்தடி தள்ளி நடங்கள், இருபதடி தள்ளி நடந்தாலும் சரி. கடைசி வரை தொடவே வேண்டாம். நீங்கள் இங்கே தங்குகிற மூன்று மாதமும் பிடிக்கவில்லை என்றால் அது அக்கா வீட்டிலேயே இருக்கும், அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். ஆனால் நீங்கள் வராமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் சம்மதம் இல்லாமலும் வைத்துக்கொள்ளலாம், எனக்கு 33 வயது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படி வேண்டாம். நீங்கள் வந்து தங்கப்போகிற வீடு இது.

பதிலை எழுதியே அனுப்புங்கள். முகவரியில் வீட்டு எண்ணுக்குக் கீழே கதவு எண் எதுவும் போட வேண்டாம், இங்கே அது கிடையாது. தபால்பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். அதனால் என் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மார்ச் 20க்குள் கிடைத்தால் பாட்டியிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். அவர் ஒவ்வொரு நாளும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்து, "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்கிறார்.

அம்மாவுக்கு முழங்கால் மாத்திரை தீரப்போகிறது, தம்பியிடம் ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா