குறைதீர் அலுவலருக்குத் தமிழ் தெரிய வேண்டும்

மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட சமூக ஊடக நிறுவனம் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும் என்றும், ஒருவரைப் போல ஆள்மாறாட்டம் செய்யும் பதிவைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றும் 2021இல் விதி வகுத்தவர்கள் நீங்கள். அவற்றை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அந்த அலுவலரின் பிரிவில் தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டதைப் பற்றியதே இம்மடல்.

திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கணினி மையம் நடத்துகிறேன். வருமானச் சான்றுக்கும் பட்டாவுக்கும் வருகிறவர்களுக்கு நடுவே சென்ற மாதம் ஒருவர் வந்து, கூட்டம் கலையும்வரை வாசலில் நின்றுவிட்டுப் பிறகு கைப்பேசியை நீட்டினார். அவர் மகளின் படத்தை வைத்து யாரோ போலிக் கணக்கு தொடங்கியிருந்தார்கள். படத்தின் கீழே அவளுடைய சாதியையும் உடலையும் இழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ் வசவுகள். தமிழில் அனுப்பிய புகாருக்கு, விதிமீறல் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்திருந்தது. ஆகவே அவரை அருகில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வசவையும் நான் ஆங்கிலப்படுத்த வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் நான் தயங்கியபோது, "உள்ளத உள்ளபடியே போடுங்க தம்பி, இல்லன்னா நம்ப மாட்டாங்க" என்றார். இரண்டாவது புகாருக்கும் அதே பதில்தான் வந்தது, ஓர் எழுத்தும் மாறாமல்.

நிறுவனத்தின் முடிவை எதிர்த்து முறையிட 2023இல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்களை நீங்கள் சுட்டிக்காட்டக்கூடும். அவை 30 நாளில் முடிவு காண முயலும். படம் ஊரைச் சுற்றி வர ஒரு மாலைப்பொழுது போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, மிகப் பெரிய தளங்கள் பதிவுகளைச் சரிபார்க்க எந்த மொழிக்கு எத்தனை பேரை வைத்திருக்கின்றன என்று வெளியிட வேண்டும். ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழும் மால்டாவின் மொழிக்கும் அந்தக் கணக்கு உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி 6.9 கோடி இந்தியர்களின் தாய்மொழியான தமிழுக்கு அப்படியொரு கணக்கை நீங்கள் கேட்கவில்லை. அந்த விதிகளின் 2022 திருத்தத்தில் அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளை நினைவில் வைத்திருந்தீர்கள், ஆனால் நிறுவனங்களின் விதிமுறைகளையும் ஒப்பந்தங்களையும் வெளியிடுவதற்காக! அவற்றை எந்த மொழியில் தந்தாலும் படிப்பவர் எவருமில்லை என்பதைத் தாங்களும் அறிவீர்கள். தமிழில் விளம்பரம் விற்கத் தெரிந்த நிறுவனங்களுக்குப் புகார் என்றதும் தமிழ் மறந்துவிடுகிறது. அரசுக்குப் பிடிக்காத பதிவு என்று, அதை முடக்கச் சொல்லி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் ஆணை போனால் மட்டும் எந்த மொழியும் தடையாக இருப்பதில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. தமிழில் தரும் புகாரைத் தமிழ் படிக்கத் தெரிந்த மனிதர் ஒருவர் படித்துத் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்பதையும், மொழிவாரியாக எத்தனை பேர் இப்பணியில் உள்ளனர் என்பதை நிறுவனங்களின் மாத அறிக்கையில் வெளியிட வேண்டும் என்பதையும் விதியாகச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இம்மடலுக்கான பதிலைத் தமிழில் அனுப்பினால் அந்தத் தந்தையிடம் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கணினி மைய உரிமையாளர் ஒருவர்