புதிய கணினிகளைத் துடைத்தபின் மேசைக்கு அனுப்புங்கள்

திருகோணமலை மாவட்ட அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவினருக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், பழைய கணினிகளை மாற்றவேண்டிய நிலை பல அலுவலகங்களுக்கு வந்திருக்கிறது. புதியவற்றில் உற்பத்தியாளரே ஏற்றி அனுப்பும் சோதனைக்கால வைரஸ் தடுப்பு மென்பொருளை, கணினி உத்தியோகத்தரின் கைக்கு வருமுன்பே நீங்கள் அகற்றித் தரவேண்டும் என்பதே எமது கோரிக்கை.

விண்டோஸில் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு. வேறொரு தடுப்பு மென்பொருள் தன்னைப் பதிவுசெய்துகொண்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடுகிறது. சோதனைக்காலம் முடியும் தறுவாயில் பணம் கட்டச் சொல்லும் எச்சரிக்கைகள் தொடங்குகின்றன. பிறப்புச் சான்றிதழுக்காக ஒருவர் முன்னால் காத்திருக்கையில், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் அவற்றை வாசிக்காமலே மூடிப் பழகுகிறார். பின்னொரு நாள் உண்மையான எச்சரிக்கை வந்தாலும் அதே கை அதையும் மூடிவிடும்.

"தேவையில்லாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம்" என்று பதில் சொல்வது நியாயமாகாது, ஏனெனில் நீக்குவதற்கான நிர்வாகி உரிமை எங்கள் கணக்குகளுக்கு இல்லை, இருக்கவும் கூடாது. அந்தக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லிவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. மேலும், இவ்வகை மென்பொருள் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தீநிரல்கள் முதலில் காவலையே முடக்கப் பார்க்கும் என்பதால், அது விண்டோஸின் உட்கருவான கேர்னல் மட்டம்வரை தன் டிரைவர்களைப் பதித்து, தன் சேவைகளை எவரும் நிறுத்தாதவாறு காத்துக்கொள்கிறது. வழமையான முறையில் நீக்கியபின்னும் எச்சங்கள் தங்கிவிடுவதால்தான், மக்காஃபி, நோர்ட்டன் போன்றவற்றின் தயாரிப்பாளர்களே தனி நீக்கற் கருவிகளை வெளியிட்டிருக்கிறார்கள்.

சில கணினிகளில் இது இரட்டை வேடத்தில் இருக்கும்: வழமையான நிரலாக ஒன்று, மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் செயலியாக இன்னொன்று. செயலியை ஒரு பயனர் கணக்கில் மட்டும் நீக்கினால், இடமாற்றம் பெற்று வரும் அடுத்த உத்தியோகத்தர் முதன்முறை உள்நுழைந்ததும் அது மீண்டும் முளைத்துவிடும். புதிய கணக்குகளுக்கென விண்டோஸ் வைத்திருக்கும் தொகுப்பிலிருந்தே அதை எடுக்கவேண்டும். வட்டில் உற்பத்தியாளர் ஒதுக்கிவைத்த மீட்புப் பிரிவைக் கொண்டு மீளமைத்தாலோ, நீக்கியதெல்லாம் ஒருசேரத் திரும்பி வரும்.

ஆகவே ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, மைக்ரோசொஃப்ட் தரும் தூய பிரதியை யூஎஸ்பி மூலம் ஏற்றுவதே மேல். உற்பத்தியாளர் விண்டோஸுடன் அனுப்பும் கணினிகளில், விண்டோஸ் 8 காலம் தொட்டு உரிமச் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை ஏற்றினால் சாவியைத் தேடவேண்டியதில்லை. மைக்ரோசொஃப்டின் தொலைநிர்வாகச் சேவையான இன்டியூன் வழியாக நிர்வகிக்கும் இடங்களில், உற்பத்தியாளர் ஏற்றியவற்றை அகற்றி விண்டோஸை மீளேற்றும் ஃப்ரெஷ் ஸ்டார்ட் வசதி இதற்கு உதவும். புதிய கணினியைத் தானாக அமைத்துத் தரும் ஓட்டோபைலட்டை மட்டும் நம்பவேண்டாம், அது தொழிற்சாலையில் ஏற்றிய விண்டோஸின் மேலேயே அலுவலக அமைப்புகளைப் பூசுகிறது.

ஏற்கெனவே பாவனையில் உள்ளவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றில் தயாரிப்பாளரின் நீக்கற் கருவியையே, சிலவேளை அடிப்படைக் கூறுகள் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் வைத்து, இயக்கவேண்டி வரும். அப்போது வட்டைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். வெருகலிலோ குச்சவெளியிலோ ஒரு கணினி அந்தத் திரையில் நின்றுவிட்டால், தொலைவிலிருந்து இணைந்து உங்களால் எதுவும் செய்ய இயலாது. எனவே புறப்படுமுன் சாவிகளைச் சரிபார்த்துக்கொண்டு, நேரில் வாருங்கள். நீக்கியதும் டிஃபெண்டர் விழித்துக்கொண்டதா, அல்லது அலுவலகம் வாங்கிய தடுப்பு மென்பொருள் இயங்குகிறதா என்பதைப் பார்த்த பின்னரே கணினியை ஒப்படையுங்கள்.

அடுத்த கொள்வனவுக்கான கேள்விப்பத்திரத்தில், சோதனைக்கால மென்பொருள் எதுவும் ஏற்றப்படாத விண்டோஸ் வேண்டும் என்ற ஒரு வரியையும் சேருங்கள். மொத்தமாக வாங்கும் நிறுவனங்களுக்கு அவ்வாறு ஏற்றித் தரும் வழக்கம் பெரிய உற்பத்தியாளர்களிடம் உண்டு.

இங்ஙனம்,
அலுவலகக் கணினிப் பாவனையாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.