குயிலும் கிளியும் ஒண்ணு இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல கிளி வளர்ப்பு கட்டுரையில "குயில் காக்கா கூட்டுல வளர்ந்தும் குயிலாத்தானே இருக்கு, கிளியை நாம வளர்த்தா மட்டும் குணம் மாறிடுமா"ன்னு ஒரு வரி வந்திருந்துச்சு. அதைப் படிச்சதுல இருந்து மனசே சரியில்லை. எங்க அப்பா காலத்துல இருந்து உங்க பத்திரிகை வாங்கறோம், இவ்வளவு விஷயம் தெரிஞ்ச உங்க கண்ணுல இது எப்படி படாம போச்சு?

அடுத்தவங்க கூட்டுல வளர்றதுதான் குயிலோட பொழப்பே, வளர்ந்ததும் தன் இனத்தைத் தேடிப் போற புத்தி அதுக்குப் பிறப்புலயே இருக்கு. கிளி அப்படி இல்லை. யாரு ஊட்டி வளர்க்கறாங்களோ அவங்கதான் அதுக்கு இனம்.

நான் எட்டாவது படிக்கும்போது காத்துல விழுந்த தென்னைமரப் பொந்துல இருந்து இறகு முளைக்காத குஞ்சு ஒண்ணை அப்பா எடுத்துட்டு வந்தார். பொட்டுக்கடலை மாவு கரைச்சு நான்தான் ஊட்டினேன். மூணாவது வருஷம் கழுத்துல ரோஸ் வளையம் வந்துச்சு, அப்புறம் அப்பா விரலைப் பாத்தாலே தலையை ஆட்டி ஆட்டி தின்னதைக் கக்கி ஊட்ட ஆரம்பிச்சுது. பாசம்னு நாங்க எல்லாரும் சிரிச்சோம். அது பெண் கிளிக்கு ஆண் கிளி செய்யறதுன்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் எனக்குத் தெரிஞ்சுது. கூண்டைத் திறந்து விட்டா வேப்பமரத்துல கத்தற கிளிக்கூட்டத்தைப் பாத்து நடுங்கி அம்மா முந்தானைக்குள்ள வந்து ஒளிஞ்சுக்கும். பதினோரு வருஷம் துணையில்லாமலே இருந்து செத்துப்போச்சு, இன்னைக்கும் என்னால அதைத் தாங்க முடியல.

என் வீட்டுக் கதைதானேன்னு ஒதுக்கிடாதீங்க. அமெரிக்காவுல வூப்பிங் கிரேன்னு பெரிய வெள்ளை நாரை, 1941ல இருபது சொச்சம்தான் மிச்சம். எண்ணிக்கையைக் கூட்டலாம்னு 1975ல இருந்து அங்க ஐடஹோ மாநிலத்துல அதோட முட்டைகளை சாண்ட்ஹில் கிரேன்ங்கற வேற இன நாரையோட கூடுகள்ல வெச்சாங்க. குஞ்சு பொரிச்சு நிறைய செத்தாலும் சிலது வளர்ந்துச்சு, ஆனா பெரிசானதும் தங்களுக்குள்ள ஒரு ஜோடி கூட சேரல, கடைசியில 1989ல முட்டை வைக்கறதையே நிறுத்திட்டாங்க. இப்பல்லாம் குஞ்சு மனுஷ முகத்தைப் பாக்கக்கூடாதுன்னு உடம்பு பூரா வெள்ளைத் துணி மாட்டி, நாரைத் தலை பொம்மையைக் கையில மாட்டிக்கிட்டுத்தான் ஊட்டறாங்க. அவங்க அவ்வளவு பயப்படற விஷயத்தை நீங்க ஒரே வரியில ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டீங்க.

இது முதல் தடவையும் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி சட்டை போட்ட குரங்குக்குட்டி போட்டோவை "செல்லப்பிள்ளை"ன்னு போட்டீங்க, அதுக்கு முன்னாடி கோழி பொரிச்ச வாத்துக்குஞ்சு அட்டைப்படம். குஞ்சுங்க தண்ணில இறங்கினப்போ கரையில அந்தக் கோழி தவிச்சு அங்கயும் இங்கயும் ஓடினதை எழுத யாருக்கும் தோணல. ரெண்டுக்கும் கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் கூட வரல.

இப்ப கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த இதழ் சிறுவர் பக்கத்துல மூணு வரி போடுங்க: பச்சைக்கிளியை வீட்ல வளர்க்கறது 1972ஆம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கீழ விழுந்த குஞ்சை முடிஞ்சா அதே கூட்டுல வைக்கணும், முடியலைன்னா வனத்துறைக்குச் சொல்லணும். உங்க கட்டுரையைப் படிச்ச குழந்தைங்க யாராவது இந்நேரம் பொந்துல கையை விட்டிருக்கப் போறாங்கன்னு பயமா இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
கும்பகோணம்