மணவறைப் படத்தில் ஆட்களைக் காணோம்

லால்குடி

அன்பு மகளுக்கு,

பெங்களூர் ஓட்டலில் நீ அலங்காரம் செய்யப்போகும் கல்யாணத்துக்கு வரைந்து அனுப்பிய மணவறைப் படத்தை அம்மா செல்போனில் காட்டினாள். எனக்கு அது போதவில்லை. கடைத்தெருவில் பெரிய தாளில் அச்செடுத்து வந்து திண்ணையில் விரித்துப் பார்த்தேன். தாமரை விரிந்தது போன்ற பின்தட்டி, தங்க நிறத் தூண்கள், மேலே மடிப்பு மடிப்பாகத் துணி. அழகுக்குக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பந்தல் போட்டே வயதானவன் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பாப்பா, படத்தில் ஆட்களே இல்லை. இரண்டு மணைகளைப் போட்டு நிறுத்திவிட்டாய். வாத்தியார் எங்கே உட்காருவார்? நெய்க் கிண்ணம், சமித்துக் கட்டு, தேங்காய், பூத் தாம்பாளம் எல்லாம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இடம் விடாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் யாராவது ஓடிக்கொண்டே இருப்பார்கள். தாரை வார்க்கும் நேரத்தில் பெண்ணைப் பெற்றவர்களும் அங்கேதான் வர வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை அந்தத் தாமரைதான். மணைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இடைவெளி தெரியவில்லை. தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார் நின்று முடிச்சுப் போட வேண்டாமா? பட்டுப் புடவை கட்டிய பெண் குனிந்து, கையை நீட்டி, மறுபடி நிமிர வேண்டும். பக்கத்தில் விளக்குப் பிடிக்க இன்னொருத்தி. மூன்றடியாவது விடு. இந்த இடத்தில் கஞ்சத்தனம் செய்து பின்தட்டியோடு சேர்ந்து சாய்ந்த கல்யாணங்கள் உண்டு. அக்கினியைச் சுற்றவும் அதே அளவு வழி வேண்டும். மாப்பிள்ளை வேட்டியும் பெண்ணின் புடவையும் முடிச்சுப் போட்டிருக்கும். ஒருவர் நின்றால் இன்னொருவரும் நிற்க வேண்டியதுதான். அம்மிக்கல்லையும் படத்தில் காணோம். அதைக் கடைசியில் எங்கேயாவது செருகக் கூடாது. பெண் ஒரு காலைத் தூக்கி வைக்க, மாப்பிள்ளை குனிந்து மெட்டி போட இடம் வேண்டும்.

அடுத்தது நெருப்பு. ஓமகுண்டத்துக்கு நேர் மேலே துணி தொங்குகிறது. நெய் விட்டவுடன் சுவாலை எவ்வளவு உயரம் எழும் என்று நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தானே. நடுவில் திறப்பு விட்டு, துணியை நான்கு ஓரமாக இழுத்துக் கட்டு. பின்தட்டிக்குத் தெர்மாகோல் வேண்டவே வேண்டாம்; பொறி பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டப மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை எரிந்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நமக்குப் பக்கத்து ஊர். மின்கசிவில் பிடித்த தீ அது, ஓமத் தீ அல்ல. அதனால்தான் சொல்கிறேன்: அலங்கார விளக்கின் ஒயரைத் துணிக்குள் மறைக்காதே. அசிங்கமாகத் தெரிந்தாலும் வெளியே, தரையோரமாகப் போகட்டும். மேடையிலிருந்து இறங்கும் வழி இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

பெங்களூரில் அந்த ஓட்டல் கூடத்தில் ஓமம் வளர்க்க விடுவார்களா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கு. கூரையில் புகையைக் கண்டு அலறும் கருவி இருந்தால், முகூர்த்த நேரத்தில் மந்திரம் யார் காதிலும் விழாது. பலகை மேடை என்பதால் குண்டத்துக்கு அடியில் தகரத் தட்டு வைத்து, மணல் பரப்பி, செங்கல் அடுக்கச் சொல். மணல் என்றதும் ஓட்டல்காரர் முகம் சுளிப்பார். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணப் பந்தல் வருகிறது: வரிசையாகக் கால் நட்டு, மணல் கொண்டுவந்து பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் அலங்காரம். நம் தமிழ் வாத்தியார் அதைச் சொன்ன நாளிலிருந்து என் தொழில்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

மேளக்காரர்களுக்குத் தூணுக்கு அந்தப் பக்கம் இடம் ஒதுக்கிவிட்டாய். கெட்டிமேளத்துக்கு வாத்தியார் விரலைத் தூக்கி ஆட்டுவார். தவில்காரர் கண் அந்த விரலில்தான் இருக்கும். நடுவே தூணும் கேமராவும் நின்றால், யாராவது "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். மேடையின் முன் ஓரத்தில், பக்கவாட்டில் உட்காரவை. கேமராக்காரர்களுக்கும் ஒரு இடம் குறித்துக் கொடு. இல்லாவிட்டால் தாலி கட்டும்போது கூட்டம் அவர்கள் முதுகைத்தான் பார்க்கும். முன்வரிசை நாற்காலிகள் மேடையை நெருங்கியே இருக்கட்டும். தூரம் அதிகமானால் அட்சதை மணமக்கள்மேல் விழாது, முன்னால் இருக்கும் மாமாவின் வழுக்கையில் விழும்.

வாழைமரத்தைச் சொல்ல மறக்கவில்லை. குலை தள்ளிய மரம் நீ நினைப்பதைவிடக் கனம். அடியில் ஒரு கட்டு, குலைக்குக் கீழே ஒரு கட்டு போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிடும். வெட்டிய இடத்தில் சாறு வடிந்துகொண்டே இருக்கும். வாழைக்கறை பட்டில் பட்டால் போகவே போகாது. அடித்தண்டை ஈரச் சாக்கால் சுற்றி, கூட்டம் உரசாதபடி தள்ளிக் கட்டு.

பிளாஸ்டிக்கில் ஒட்டும் கோலம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதது இருக்கட்டும்; தண்ணீரும் நெய்யும் சிந்தும் இடத்தில் வெறுங்காலுக்கு அது வழுக்கும். முதல் நாள் இரவே அரிசி மாவை அரைத்துக் கோலம் போட்டு, காவி இட்டுக் காயவிட்டால் காலையில் கெட்டியாகப் பிடித்திருக்கும். போடத் தெரிந்தவர் பெண் வீட்டிலேயே ஒரு பாட்டி இருப்பார். கேட்டுப் பார், சந்தோஷப்படுவார்.

திசை விஷயத்தில் நீயாக முடிவு செய்யாதே. மணமக்கள் கிழக்கு பார்ப்பதுதான் பொதுவழக்கம், ஆனால் சடங்கு வீட்டுக்கு வீடு மாறும். துணிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் பெண் வீட்டு வாத்தியாருக்கு ஒரு போன் போடு. ஓமம் எவ்வளவு நேரம், ஊஞ்சல் உண்டா, முளைப்பாலிகை எங்கே வைப்பார்கள், முகூர்த்தக்கால் கம்பை அந்தப் பளிங்குத் தரையில் எதில் நடப் போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள். தொட்டியில் மண் நிரப்பி நடுவதாக இருந்தால் அதற்கும் ஓர் இடம் விட வேண்டும்.

அடுத்த படத்தில் ஆட்களைப் போட்டு அனுப்பு. நாத்தனாரையும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா