ரேம் விலையும் ‘2400’ படமும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கேமிங் கணினிக்கு எங்களிடம் கொட்டேஷன் வாங்கிப் போய், சில வாரம் கழித்து மறுபடி கேட்டவர்கள் தொகையைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். அது நியாயம். இதற்கிடையே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் கைமாறிக்கொண்டிருக்கிறது. கணினிக்குள் இருக்கும் பாகங்களின் விவரத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் எடுத்த படம். ‘6000 ரேமுக்குப் பணம் வாங்கிவிட்டு 2400 ரேமைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்’ என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. விலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தோம். ஆனாலும் அந்தப் படத்தை முதலில் பேசிவிடுகிறோம். விலை எங்கள் கையில் இல்லை, பெயர் எங்களுடையது.

டிடிஆர் வகை ரேமில் ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் இரண்டு முறை தரவு போகும், துடிப்பு ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. டிடிஆர் (டபுள் டேட்டா ரேட்) என்ற பெயரில் இருக்கும் ‘டபுள்’ அதைத்தான் சொல்கிறது. ரேம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6000 என்பது விநாடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு போகிறது என்ற எண்ணிக்கை. சிபியு-இசட்டின் மெமரி பக்கம் துடிப்பை மட்டும் எண்ணுகிறது. ஆகவே 6000 ரேம் முழு வேகத்தில் ஓடினாலும் அங்கே 3000 என்றுதான் தெரியும். 3000 என்று காட்டும் படத்தோடு யாராவது எங்களிடம் சண்டைக்கு வந்தால், அவர் கணினி நன்றாக இருக்கிறது என்று பொருள்.

சுற்றுகிற படத்தில் இருப்பது 2400. இரண்டால் பெருக்கினால் 4800. அது 6000 இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ரேமை யாரும் மாற்றவில்லை. அதே ரேம் மெதுவாக ஓடுகிறது. இப்போதைய தலைமுறையான டிடிஆர்5 ரேம் எதுவானாலும், மதர்போர்டில் செருகியதும் பொதுத்தரப்படியான அடிப்படை வேகத்தில்தான் எழும். பெரும்பாலும் அது 4800, சிலவற்றில் 5600. பெட்டியில் போட்டிருக்கும் 6000 என்பது ரேமுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் ஒரு தனி அமைப்பு. ஏஎம்டி புராசஸர் பக்கம் அதற்கு எக்ஸ்போ என்று பெயர், இன்டெல் பக்கம் எக்ஸ்எம்பி. தயாரிப்பாளர்கள் அதை ஓவர்கிளாக்கிங் (அடிப்படை வேகத்துக்கு மேலே ஓட்டுவது) கணக்கில் வைத்திருப்பதால், கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் போய் நாமாக இயக்கினால்தான் அது வேலை செய்யும்.

ரேம் அசலா என்று பார்க்க வேண்டுமானால் அதே சிபியு-இசட்டில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறந்து ஸ்லாட்டைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்போ-6000 அல்லது எக்ஸ்எம்பி-6000 என்ற பத்தி இருக்கிறதா, அங்கே காட்டும் பார்ட் எண்ணும் ரேம் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் நீங்கள் பணம் கொடுத்த பொருள்தான் உள்ளே இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர் பக்கத்துத் தாவலையும் ஒரு கிளிக் செய்திருந்தால் இந்த மடலில் பாதி மிச்சமாகியிருக்கும். போகட்டும்.

இயக்கிய எக்ஸ்போ தானாக அணைந்துபோகவும் வழிகள் உண்டு. பயாஸை அப்டேட் செய்தால் அமைப்புகள் அழிந்துவிடும். போர்டிலிருக்கும் காசு வடிவ பேட்டரியைக் கழற்றினாலும் அப்படியே. இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஏஎம்டியின் புதிய புராசஸர்களுக்கான ஏஎம்5 போர்டுகள் முதல் முறை எழும்போதும், ரேம் அமைப்பை மாற்றிய பிறகும் ‘மெமரி டிரெய்னிங்’ என்று ஒன்றைச் செய்யும். ரேமுக்கும் புராசஸருக்கும் இடையே சமிக்ஞை எந்த நேரக்கணக்கில் சரியாகப் போகிறது என்று போர்டே தட்டித் தட்டிப் பார்க்கும் வேலை அது. அப்போது விசிறிகள் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். சில நிமிடங்கள்கூட ஆகலாம், ரேம் அளவு கூடினால் இன்னும் நீளும். கணினி செத்துவிட்டது என்று பயந்து பாதியில் மின்சாரத்தை நிறுத்தி, திரும்பப் போட்டு, திரும்ப நிறுத்தினால், ‘இந்த அமைப்பு ஒத்துவரவில்லை’ என்று முடிவு செய்து 4800க்கே இறங்கிவிடும் போர்டுகள் இருக்கின்றன.

திரும்ப இயக்க எங்களிடம் கொண்டுவர வேண்டியதில்லை. கணினியைப் போட்டதும் டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். முதல் பக்கத்திலேயே எக்ஸ்போ, எக்ஸ்எம்பி, டிஓசிபி என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். முதல் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். பிறகு கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறாமல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. அங்கே 6000 என்றே காட்டும், ஏனென்றால் அது துடிப்பை எண்ணுவதில்லை. அப்போதும் நிலையாக ஓடவில்லை என்றால் ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான். தூசி தட்ட எடுத்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டு, இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் தரவு போகும் இரட்டைச் சேனல் போய்விட்டதே தெரியாமல் இருப்பதுண்டு.

இனி விலை. உலகில் உற்பத்தியாகும் டிராம் சிப்புகளில் (ரேமுக்குள் இருக்கும் நினைவகச் சிப்புகள்) பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களிடமிருந்து வருகிறது. செயற்கை நுண்ணறிவு தரவு மையங்களுக்கான எச்பிஎம் என்ற அதிவேக நினைவகமும் அதே ஆலைகளில்தான் தயாராகிறது. ஒரே அளவு நினைவகத்துக்கு அது சாதாரண ரேமைவிடப் பல மடங்கு சிலிக்கன் தகட்டை விழுங்கும். அங்கே போகும் தகடு இங்கே வராது. 2025இன் கடைசி மாதங்களில் இது மிகவும் கடுமையானது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் குருஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. முந்தைய தலைமுறை டிடிஆர்4 மலிவாக இருக்கும் என்று அந்தப் பக்கம் போனால், அதன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வருவதால் அங்கும் ஏற்றம்தான். எஸ்எஸ்டியும் கூடவே ஏறுகிறது. எங்கள் லாபத்தைக் கூட்டினோம் என்பவர்களிடம் விநியோகஸ்தர் பில்லைக் காட்டத் தயாராக இருக்கிறோம்.

ஆகவே சிறிய பட்ஜெட்டில் கேமிங் கணினி கட்டுவதற்கு முன்பு நாங்கள் சொல்லிவந்த கணக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் யோசிக்காமல் இரண்டு 16 ஜிபி என்று எழுதிவிடுவோம். இப்போது முதல் கேள்வி, உங்கள் பழைய கணினியில் டிடிஆர்4 ரேம் இருக்கிறதா என்பதுதான். 3200 வேகத்தில் 16 ஜிபி இருந்தால் அதைத் தூக்கிப்போடாதீர்கள். ஏஎம்டியின் முந்தைய தலைமுறையான ஏஎம்4 போர்டில் ரைசன் 5 5600 புராசஸர், அல்லது டிடிஆர்4 ஏற்கும் பி660, பி760 போர்டில் இன்டெல்லின் ஐ5-12400எஃப், இரண்டுமே நடுத்தர கிராபிக்ஸ் கார்டுக்கு இன்னும் போதும். போர்டை வாங்கும்போது பெட்டியை இரண்டு முறை படியுங்கள். பி660, பி760 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையிலும் வருகின்றன, பெயரில் சில எழுத்துகள்தான் வித்தியாசமாக இருக்கும். இரண்டு ரேமுக்கும் 288 பின்கள் என்றாலும் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் நுழையாது.

ரைசன் 5 5600க்குப் பதில் 5500 மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். பெயரில் நூறுதான் குறைகிறது. ஆனால் புராசஸருக்குள் இருக்கும் எல்3 கேஷ் நினைவகம் 32 எம்பியிலிருந்து 16 எம்பியாகிறது, கார்டும் புராசஸரும் பேசிக்கொள்ளும் பாதையான பிசிஐஇ நான்காம் தலைமுறையிலிருந்து மூன்றாம் தலைமுறைக்கு இறங்குகிறது. ஆர்டிஎக்ஸ் 4060, 5060 போன்ற கிராபிக்ஸ் கார்டுகள் ஸ்லாட் நீளமாக இருந்தாலும் எட்டு லேன்களை (தரவுத் தடங்களை) மட்டுமே பயன்படுத்துபவை. மூன்றாம் தலைமுறைப் போர்டில் அந்த எட்டின் வேகமும் பாதியாகும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி கேம் கணினியின் ரேமை நாடும்போது, இந்தக் குறுகிய பாதையில்தான் மாட்டிக்கொண்டு விட்டுவிட்டு இழுக்கும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்த்தால் நன்றாகவே இருக்கும், ஆனால் திரும்பும் இடமெல்லாம் தடுக்கும். பி450, ஏ520 போர்டுகளுக்கும் இதே பேச்சு. பி550 என்றால் நான்காம் தலைமுறை உண்டு.

புதிதாகவே தொடங்குகிறவர்களுக்கு ஏஎம்5தான் எங்கள் யோசனை. ரேமில் மிச்சம் பிடிக்க மூன்று வழி இருக்கிறது, மூன்றிலும் ஏதோ ஒன்று போகும். ஒரே 16 ஜிபி ரேம் போட்டுவிட்டுப் பிறகு ஒன்று சேர்ப்பது: அதுவரை ஒற்றைச் சேனலில் ஓடும், பிறகு வாங்குவது அதே பார்ட் எண்ணாக இருந்தாலும் உள்ளே வேறு சிப் வந்தால் 6000இல் நிற்குமா என்று உத்தரவாதம் தர முடியாது. இரண்டு 8 ஜிபி போடுவது: டிடிஆர்5இல் 8 ஜிபி ரேம் நான்கே சிப்புகளில் தயாராவதால் மெமரி பேங்குகள் (சிப்புக்குள் தரவு வைக்கும் பிரிவுகள்) பாதிதான், கொஞ்சம் மந்தம். மூன்றாவது, வேகத்தில் குறைப்பது. ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தைச் சொல்லும் எண் சிஎல்; சிஎல் 30 என்பதற்குப் பதில் சிஎல் 36 எடுங்கள். எங்களைக் கேட்டால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது இதைத்தான். அடுத்தது இரண்டு 8 ஜிபி. இரண்டு 8 ஜிபியோடு பிறகு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தருவது 3600 வேகம்தான்.

கிராபிக்ஸ் கார்டில் சேமிக்க வேண்டாம். திரையை விட்டுக் கணினிக்கு மட்டும் ஒதுக்கிய தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்குப் போனாலும் தவறில்லை. போட்டி கேம்கள் மட்டும், 1080பி திரை என்றால் 8 ஜிபி கார்டு போதும். புதிய பெரிய கேம்களை டெக்ஸ்சர் (காட்சியின் மேற்பரப்பு நுணுக்கம்) குறைக்காமல் ஆட வேண்டுமென்றால் 12 அல்லது 16. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது, ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் புராசஸர் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் அதைப் போட்டால் வாங்கியதற்கு வருந்துவீர்கள். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டும் 8, 16 என இரு அளவில் ஒரே பெயரில் விற்கின்றன. பில்லில் ஜிபி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் எங்களிடம் பேரம் நடக்காது என்று பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 என்றால் 145 வாட், மீதியெல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டுக்குப் பக்கம்தான். பிறகு ஏன் 650 எழுதுகிறீர்கள் என்பார்கள். கார்டுகள் மில்லி விநாடிக் கணக்கில் திடீரென்று வழக்கத்தைவிட மிக அதிகமாக இழுக்கும், அடுத்த கார்டுக்கும் இடம் வேண்டும். 550 வாட்டில் நல்லது கிடைத்தால் அதையும் தடுக்க மாட்டோம். 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்துக்கான சான்று மட்டுமே. 12 வோல்ட் பக்கம் எத்தனை வாட் என்று ஸ்டிக்கரில் பாருங்கள். மொத்த வாட்டுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். இன்னொன்று: கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்களையும் மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுத்தரம் கிடையாது. செருகி உட்கார்ந்துவிடும், ஆனால் கம்பி வரிசை மாறியிருந்தால் போட்ட நொடியில் ஹார்டு டிஸ்க் போய்விடும்.

கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும். புராசஸரைக் குளிர்விக்கும் டவர் ஹீட்சிங்க் 155 மி.மீ. அளவில் இருக்கும், கேபினெட் ஏற்கும் உயரத்தைப் பாருங்கள். எஃப் என்று முடியும் புராசஸர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது, திரையின் கேபிளைக் கார்டில் செருகுங்கள். 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) திரையை வாங்கி 60இலேயே ஓட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் மாற்ற அரை நிமிடம்.

இனி எங்கள் பக்க மாற்றங்கள். கொட்டேஷன் பதினைந்து நாளுக்குப் பதில் மூன்று நாள் செல்லும். உங்கள் ரேமை நீங்களே கொண்டுவரலாம், அசெம்பிள் கட்டணம் ஏறவில்லை. சோதனை மேசையில் இருந்த இருவரில் ஒருவர் விலகிவிட்டதால் 24 மணிநேர சோதனை ஓட்டம் தற்போதைக்கு 6 மணிநேரமாக இருக்கிறது. அந்த இடைவெளியில் அனுப்பிய சில கணினிகளில் எக்ஸ்போ இயக்காமலே போயிருக்கலாம். மேலே சொன்னபடி செய்து கொள்ளலாம், கொண்டுவந்தாலும் காத்திருக்கும்போதே செய்து தருகிறோம், கட்டணம் இல்லை. படத்தை எடுத்தவரும் வரலாம்.

விலையைக் கேட்ட பிறகும் வேறு இடம் தேடாமல், ‘உங்களால் முடிந்ததைச் செய்து தாருங்கள்’ என்று பட்டியலை எங்களிடமே விட்டுப்போனவர்களுக்கு மனமார்ந்த நன்றி. தம்பிக்கும் தோழருக்கும் எங்களைச் சொல்லி அனுப்பியவர்களுக்கும், முதல் கணினியை எங்களிடம் வாங்கி மூன்றாவது கார்டு மாற்ற வந்து நிற்பவர்களுக்கும் கூடுதல் நன்றி. ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான். ரேம் பெட்டிகளை அவரவர் பெயர் எழுதி எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்